பேட்டரி அவுட்டு சார்!

பழைய புல்லட் ஓட்டுகிறவனைப் பார்த்தாலே சென்னையில் எல்லார் நாக்கிலும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. "பேட்டரி அவுட்டு சார்." ஹாரன் கம்மினாலும் பேட்டரி. ஹெட்லைட் மங்கினாலும் பேட்டரி. சிக்னலில் நின்று கிளம்பும்போது எஞ்சின் அணைந்தாலும் பேட்டரி. பங்சர் ஒட்டப் போன இடத்தில்கூட, ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே அந்தத் தம்பி இதைத்தான் சொன்னான். வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அளந்து பார்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பேட்டரியைச் சோதிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. முழு சார்ஜில் சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 என்று காட்டும். 12-க்கு இறங்கிவிட்டால் ஏறக்குறையக் காலி. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையா, பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. சார்ஜ் கொடுக்க வேண்டிய ஆல்டர்னேட்டரையோ ரெகுலேட்டரையோ நடுவில் இருக்கும் கப்ளரையோ பார்க்க வேண்டும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் விற்கிறார்கள். சிவப்பை இங்கே வை, கறுப்பை அங்கே வை, எண்ணைப் படி. இதைச் செய்ய ஒரு மெக்கானிக்கைச் சம்மதிக்க வைப்பதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. புது பேட்டரி மாட்ட மட்டும் எல்லாரும் எப்போதும் தயார். மாட்டிய புதிதில் எல்லாம் பளிச்சென்று எரியும், "பாத்தீங்களா சார்?" என்பார்கள். அடுத்த மாதம் அதே இருட்டு.

என் வண்டி பெரியப்பா கடலூரில் ஓட்டியது. திருவொற்றியூரில் செய்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை அங்கேதான் வந்தது. ரெட்டிச்சில் 1967-ல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். இங்கே அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் இரண்டாயிரங்களின் கடைசிவரை ஏறக்குறைய அதே வடிவத்தில் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு காலம், இவ்வளவு வண்டிகள், அதுவும் பிறந்த ஊரிலேயே. இந்த ஊரில் அந்த வண்டியின் வயரிங் தெரியாத ஆள் இருக்கக் கூடாது என்று நான் எதிர்பார்ப்பது பேராசையா?

அதுவும் எவ்வளவு எளிமையான வயரிங்! கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பேட்டரி, ஃபியூஸ், ஆம்ப் மீட்டர், சாவி, காயில், பாயிண்ட், கண்டென்சர், பிளக். இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டரும் ரெகுலேட்டரும். மிச்சமெல்லாம் விளக்குகள், ஒரு ஹாரன். பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கத்துக்குள் மொத்தத்தையும் வரைந்துவிடலாம்.

ஆனால் தாளில் வரைந்தது வண்டியில் இருப்பதில்லை. பெரியப்பா காலத்திலிருந்து இந்த வண்டியில் கைவைத்த ஒவ்வொரு வயர்மேனும் தன் நினைவாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஹெட்லைட்டைக் கழற்றினால் உள்ளே மஞ்சள் வயர் ஒன்று வரும், நடுவில் டேப் சுற்றியிருக்கும், டேப்புக்கு அந்தப் பக்கம் அதே வயர் நீலமாகப் போகும், சீட்டுக்கு அடியில் கறுப்பாக வெளியே வரும். ஒரு இடத்தில் வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர். புல்லட்டின் அதிர்வில் ஒற்றைக் கம்பி நாளடைவில் முறிந்துபோகும்; பல இழை வயர்தான் வளைந்து கொடுக்கும் என்பது தெரியாமல் அதைப் போட்டிருக்க முடியாது. கையில் அதுதான் இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் ஸ்பீக்கர் வயர். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார் ஒரு புண்ணியவான். ஷார்ட் ஆனால் முதலில் எரிய வேண்டியது ஃபியூஸ். வெள்ளித்தாள் எரியாது, வயர்தான் எரியும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில். இதைக் காட்டி ஒரு மெக்கானிக்கிடம் கொதித்தபோது அவர் அமைதியாகச் சொன்னார்: "ஃபியூஸ் அடிக்கடி போய்க்கினே இருந்துச்சு போல சார், அதான் டைரக்ட் பண்ணி வுட்டுருக்காங்க."

இந்த "டைரக்ட்" என்ற ஒரு காரியத்தால் தமிழ்நாட்டில் எத்தனை வண்டிகள் நாசமாயிருக்கும்! சுவிட்ச் வேலை செய்யவில்லையா, டைரக்ட். ரிலே போயிற்றா, டைரக்ட். எது ஏன் போயிற்று என்ற கேள்வியை அத்தோடு குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து வேறொருவன் வந்து தோண்ட வேண்டியிருக்கிறது.

நான் பார்த்த அளவில் பழைய வண்டியின் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பாலானவை எந்தப் பாகத்திலும் இல்லை, இரண்டு பாகங்கள் சேருகிற இடத்தில்தான் இருக்கின்றன. களிம்பேறிய செம்பு, துருப்பிடித்த போல்ட், தளர்ந்த டெர்மினல், கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. கடலூர் உப்புக்காற்றில் இருபது வருஷம் நின்ற வண்டியில் வயரின் ரப்பரை உரித்தால் உள்ளே செம்பு பச்சையாக இருக்கும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் கறுப்பாக இருக்கும். அதன் மேல் ஈயம்கூட ஒட்டாது. அந்த இணைப்பு மின்சாரத்தைத் தடுத்துவிடுவதில்லை. தடுத்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கொஞ்சம் விடும், கொஞ்சம் விடாது.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 வாட் ஹெட்லைட் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். வழியில் இருக்கும் சாவி, சுவிட்ச், கப்ளர், எர்த் எல்லாவற்றிலுமாகச் சேர்ந்து அரை ஓம் தடை இருந்தால் போதும், ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். பல்புக்குப் போய்ச் சேருவது பத்தரை. போனால் போகட்டும், ஒன்றரைதானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழும். அந்த ஒன்றரை வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகிறது. 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வாகனங்கள் எல்லாம் பட்டப்பகலிலேயே விளக்கை எரித்துக்கொண்டு போக வேண்டும் என்று சட்டம். அவை நடுமத்தியானத்தில் என் கண்ணைக் கூச வைத்துவிட்டுப் போகின்றன. என் வண்டியோ ராத்திரியில் எதிரே வருகிறவருக்கு ஏதோ ஒன்று வருகிறது என்று தெரிவிப்பதோடு கடமையை முடித்துக்கொள்கிறது. இதற்கு எல்லாரும் தரும் வைத்தியம் பெரிய பல்ப். 90 வாட் பல்பைப் போட்டால் அதே பழைய வயரும் அதே பழைய சுவிட்சும் ஏழரை ஆம்பியரைத் தாங்க வேண்டும். சுவிட்ச் உருகும். பிறகென்ன, டைரக்ட்.

எர்த்தைப் பற்றித் தனியாகத்தான் அழ வேண்டும். பாசிட்டிவ் வயருக்கு இருக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்குகூட எர்த்துக்கு இந்த ஊரில் கிடையாது. மின்சாரம் போனால் திரும்பி வர வேண்டும். திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடம்பு. அந்த உடம்போ துரு, பெயிண்ட், கிரீஸ், ரப்பர் வாஷர் என்று நான்கு அடுக்குப் போர்வை போர்த்தியிருக்கிறது. பின் மட்கார்டின் எர்த் விட்டுப்போனால் நடக்கும் வேடிக்கையைப் பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லாம்ப் கூடவே மினுக்கும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். பேய் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. திரும்பிப் போகும் வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகப் புகுந்து வெளியே போகப் பார்க்கிறது. அந்த மினுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் "எர்த் இல்லை" என்று சொல்லிவிடலாம். எனக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "ஃபிளாஷர் போயிருக்கு சார்." ஃபிளாஷர் மாற்றினார்கள். மினுக்கியது. இண்டிகேட்டர் சுவிட்ச் மாற்றினார்கள். மினுக்கியது. கடைசியில் மட்கார்டு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, பல்ப் ஹோல்டரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தனியாக ஒரு வயர் இழுத்தேன். அந்தப் பேய் அத்தோடு சரி. அந்த வயரின் விலை ஒரு டீயும் வடையும்.

இப்போது எல்லாரும் பழைய வண்டியை "ரெஸ்டோர்" செய்கிறார்களே, அது இந்த வியாதியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. ஃபிரேமைக் கழற்றிப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். அருமையாக, கண்ணாடி மாதிரி வருகிறது. பவுடர் கோட்டிங் என்பது சூளையில் சுட்ட பிளாஸ்டிக் தோல். மின்சாரத்தை ஒரு சொட்டுக்கூட விடாது. எர்த் போல்ட் உட்காரும் இடங்களைச் சுரண்டி இரும்பைத் தெரியவிட வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. சொன்னாலும் பளபளப்பைச் சுரண்ட ஓனருக்கு மனசு வராது. என் நண்பர் ஒருவர் லட்சத்தை ஒட்டிச் செலவழித்து வண்டியை மணமகன் கோலத்தில் வெளியே எடுத்தார். ஹாரன் அடிக்கவில்லை. ஷோரூமில் எடுத்தது போல இருக்கும் அந்த வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்று, என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பேட்டரி.

சரி, நாமே மீட்டர் வாங்கிப் பார்த்துவிடலாம் என்றால், மீட்டரும் ஒரு விதத்தில் ஏமாற்றும். பல இழை வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமேயில்லை. விளக்கைப் போட்டு மூன்று ஆம்பியர் கேட்டவுடன்தான் அந்த ஒற்றை இழையின் லட்சணம் தெரியும். ஆகையால் விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை ஹெட்லைட் எர்த்தில் வைத்தால், எர்த் நன்றாக இருந்தால் 0.1, 0.2-க்குள் காட்டும். அரை, முக்கால் என்று காட்டினால் அங்கேதான் திருடன். அந்தக் காலத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அவர்கள் கையில் இருந்தது ஒரு பல்ப், இரண்டு வயர், ஒரு கிளிப். டெஸ்ட் லாம்ப். அது மின்சாரத்தை இழுத்துப் பார்த்துத்தான் சொல்லும். பளிச்சென்று எரிந்தால் சரி, செவ்வெளிச்சம் காட்டினால் வழியில் கோளாறு. "டைனமோ, செல்ஃப் மோட்டார் ரீவைண்டிங்" என்று தகரப் பலகை மாட்டிய அந்தக் கடைகள் முன்பெல்லாம் ஒவ்வொரு பெரிய சாலையிலும் இருந்தன. சிம்னி விளக்கு வெளிச்சத்தில்கூட வேலை செய்வார்கள். இன்றைக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்; அவர்களும் லாரிக்காரர்களுக்கே நேரம் போதாமல் இருக்கிறார்கள்.

ஆம்ப் மீட்டர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. புல்லட்டின் ஹெட்லைட் கவசத்தில் ஒரு சின்ன வட்டக் கடிகாரம், நடுவில் பூஜ்யம், இடம் வலமாக ஆடும் முள். பலருக்கு அது அழகுக்கு வைத்தது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் அதற்குள் நுழைந்துதான் சாவிக்கே போகிறது. ஆகவே அதன் பின்னால் இருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்று தளர்ந்தால் ஓடும் வண்டி மொத்தமாகச் செத்துப்போகும். விளக்கு, ஹாரன், எஞ்சின் மூன்றும் ஒரே நொடியில். அப்படி ஒருமுறை கத்திப்பாரா மேம்பாலத்தில் நின்றுபோனது. வழியில் உதவிக்கு நின்ற இரண்டு பேருமே பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க்கை ஆட்டிப் பார்த்தார்கள். பெட்ரோல் தீர்ந்தால் ஹாரன் ஏன் அடிக்காது? இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டு போயே விட்டார்.

ஸ்டீயரிங் கழுத்துப் பக்கம் வளைந்து வளைந்து உள்ளுக்குள் முறிந்துபோகும் வயர்களும் இதே ஜாதிதான். வெளியே ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு பிரிந்திருக்கும். இடப்பக்கம் திருப்பினால் அணையும், நேராக்கினால் எரியும். சாவியைப் போட்டு, ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே விளக்கைக் கவனித்தால் ஒரு நிமிஷத்தில் அகப்பட்டுவிடும்.

என்னை உண்மையில் பைத்தியம் பிடிக்க வைத்தது சூட்டில் நிற்கும் கோளாறு. காலையில் தொட்டால் ஸ்டார்ட் ஆகும். அப்படி ஒரு ஸ்டார்ட்டிங்கை எந்தப் புல்லட்டிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். சித்திரை வெயிலில் தாம்பரம் பக்கம் போனால் குரோம்பேட்டை தாண்டுவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். நிழலில் நிறுத்தி ஒரு மோர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி தொட்டால் ஸ்டார்ட். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார் இன்னொருவர். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும் என்றார் மூன்றாமவர். அது நியாயமான சந்தேகம், மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஓட்டினேன், அதுவும் இல்லை. வண்டி நின்ற அந்த இடத்திலேயே, சூடு ஆறுவதற்கு முன், பிளக்கைக் கழற்றி ஹெட் மேல் சாய்த்து வைத்து ஒரு கிக் அடித்துப் பார்த்தால் பாதி உலகம் விலகிவிடும். நீலப் பொறி பறந்தால் பெட்ரோல் பக்கம் தேடு. பறக்காவிட்டால் கார்புரேட்டரைத் தொடாதே. இந்த ஒரு சோதனையைச் செய்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு, மெக்கானிக்குகள் வண்டியைக் கடையில் நிறுத்தி வைத்து ஆறின எஞ்சினில் சோதித்தார்கள். ஆறின எஞ்சினில் அது உத்தம புத்திரன்.

கடைசியில் சூட்டோடு சோதித்துப் பார்த்தால் பொறிதான் வரவில்லை. உடனே பாயிண்ட் செட் மாற்றப்பட்டது. கண்டென்சர் மாற்றப்பட்டது. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணாலேயே வைத்தார் அந்த அண்ணன், 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியதைக் கண் எப்படி அளக்கும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வேலை நடக்காது. சில வாரத்தில் புதுப் பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்தது. மறுபடி பாயிண்ட். மறுபடி கருகல். ஏன் கருகுகிறது என்று கேட்டதற்கு "இப்ப வர்ற பாயிண்ட்லாம் அப்டித்தான் சார்" என்ற பதிலோடு விசாரணை முடிந்தது.

விஷயம் இதுதான். இந்த வண்டி பிறந்தது 6 வோல்ட்டில். நடுவில் யாரோ 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேட்டரி, ரெகுலேட்டர், பல்புகள், ஹாரன் எல்லாம் மாறின. காயிலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றில் மூன்று, நான்கு ஓம் இருக்கும். இதில் இரண்டுக்கும் கீழே. கணக்குப்படி பாயிண்ட் மூடியிருக்கும்போதெல்லாம் ஆறு ஆம்பியருக்கு மேல் ஓடும். பொறி பிரமாதமாக வரும், ஆகவேதான் தொட்டால் ஸ்டார்ட். கூடவே பாயிண்ட் கருகும், காயில் சுடும், சுட்டால் உள்ளே இன்சுலேஷன் கைவிடும், எஞ்சின் நிற்கும், ஆறினால் ஓடும். டேங்குக்கு அடியில் இருந்த காயிலைத் துடைத்தால் "6வி" என்று மங்கலாகத் தெரிந்தது.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எல்லா மெக்கானிக்கும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அந்த ஆம்ப் மீட்டர் முள்ளைத்தான் பார்க்கிறார்கள்! புல்லட்டை உதைக்கும் முறையே அதுதான். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல இறக்கினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸில் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு உதைக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு இந்த மந்திரம் மனப்பாடம். முள் நடுவுக்கு வந்ததா என்றுதான் பார்க்கிறார்களே தவிர, மைனஸ் பக்கம் எவ்வளவு தூரம் சாய்ந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மற்ற புல்லட்களைவிட இதில் ஏறக்குறைய இரட்டிப்பாகச் சாய்ந்துகொண்டிருந்தது. கேள்விக்குப் பதில் கண் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கண்டென்சர் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு துக்கம் தெரியும். "ஒரிஜினலா?" என்றால் ஒரிஜினல் என்பார்கள். "கம்பெனி ஐட்டமா?" என்றால் கம்பெனி ஐட்டம் என்பார்கள். மாட்டினால் பாயிண்டில் மத்தாப்பு பறக்கும். சரக்குப் பெட்டியிலிருந்தே இறந்து பிறந்த கண்டென்சர். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பாகத்தை மாற்றிக் கோளாறைத் தேடுகிற இந்த முறையில், புது கண்டென்சர் போட்டாயிற்று என்றால் கண்டென்சர் குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிடுகிறது. அதன் பிறகு உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள், புதிதாகப் போட்டதை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள். இதனால் நான் பழைய, ஓடிய கண்டென்சர் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கருவிப் பையில் வைத்திருக்கிறேன். ஓடிப் பார்த்தது, நம்பலாம்.

மச்சானுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எல்லாத்தையும் எல்இடி ஆக்கிடுங்க மாமா, லோடே இருக்காது" என்று அவரே இண்டிகேட்டர்களை வாங்கி வந்து மாட்டிவிட்டும் போனார். இண்டிகேட்டர் எரிந்தது. மின்னவில்லை, நின்று எரிந்தது. பழைய ஃபிளாஷருக்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் மின்னும். சூடேற இரண்டு 10 வாட் பல்பு இழுக்கும் மின்சாரம் வேண்டும். எல்இடி இழுப்பது ஒரு வாட்டோ இரண்டோ. பட்டைக்குக் குளிர்கூட விடவில்லை. அதற்கு எலக்ட்ரானிக் ஃபிளாஷர் ஒன்று வாங்க வேண்டும் என்றேன். மச்சான் அதையும் வாங்கி வந்தார். அது எர்த் வயர் கேட்டது. மறுபடி எர்த்!

நாலு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுவது இன்னொரு தொல்லை. கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில், சாவியை எடுத்துவிட்டால் எதுவும் மின்சாரத்தைக் குடிக்கக் கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். என் வண்டியில் 50 மில்லி ஆம்பியர் காட்டியது. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது நூறு மணி நேரக் கணக்கு, ஏறக்குறைய நாலு நாள். ரெகுலேட்டரின் கப்ளரைப் பிடுங்கினேன், பூஜ்யமாயிற்று. உள்ளே ஒரு டயோடு கசிகிறது, வேறொன்றுமில்லை. இதற்கிடையில் மாற்றச் சொல்லி எனக்கு அறிவுரை வந்தது எது என்று கேட்காதீர்கள்.

புது மெக்கானிக் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் வண்டிகளில் கார்புரேட்டரே அபூர்வம். ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண் வரும், எண்ணுக்கு ஏற்ற பாகத்தை மாற்ற வேண்டும், அப்படித்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரம் டெஸ்ட் லாம்ப் வைத்துத் தேடி, கடைசியில் ஒரு டெர்மினலைத் தேய்த்து மாட்டினால், "தேய்ச்சதுக்கா இவ்ளோ?" என்று கேட்கிற கஸ்டமர்கள் நாம்தான். ஐந்நூறு ரூபாய் பாகம் மாற்றினால் கேட்காமல் கொடுக்கிறோம். அவர் எதைச் செய்வார்? தேடுவதற்குக் கூலி தருகிறேன், பாகம் எதுவும் வேண்டாம் என்று ஒரு மெக்கானிக்கிடம் சொல்லியும் பார்த்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வண்டிய வுட்டுட்டுப் போங்க சார், பாத்துக்கலாம்" என்றார். சாயங்காலம் போனால் புது பிரேக் லைட் சுவிட்ச் மாட்டியிருந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமே, அன்றைக்குப் பிரேக் லைட் எரிய வேண்டும் என்று நினைத்துச் செய்தாராம். பிரேக் லைட் அதற்கு முன்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

போகட்டும் என்று நானே எல்லா இணைப்புகளையும் வெட்டி, நல்ல டெர்மினல் போட்டு அழுத்தி, ஹீட் ஷ்ரிங் சுற்றிவிடலாம் என்று முடிவு செய்து கடைக்குப் போனேன். நல்ல பல இழை ஆட்டோ வயர் பத்து அடி, குண்டு டெர்மினல் ஆண் பெண் ஒரு இருபது ஜோடி, ரிங் டெர்மினல் கொஞ்சம். அவ்வளவுதான் கேட்டேன். கடைக்காரர் பரணிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய முழு வயரிங் கிட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

"இது வேணாம் அண்ணே, டெர்மினல் மட்டும் போதும்."

"அது தனியா வராது சார். கிட்டோடதான் வரும்."

"இணைப்புதான் போச்சு, வயர் நல்லாத்தான் இருக்கு."

"வயர் நல்லாருந்தா அப்ப பேட்டரியப் பாருங்க சார்."

கிட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்து டெர்மினல்களை மட்டும் வெட்டி எடுத்து என் பழைய வயர்களில் போட்டிருக்கிறேன். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கையை உயர்த்தித் திட்டும் அளவுக்கு எரிகிறது. தலையும் வாலும் இல்லாத மிச்ச கிட் பரணில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், டெர்மினல் மட்டும் கேட்காதீர்கள்.